தரங்கம்பாடியில் ஒரு நாள்: கேமராவோடு முதல்முறை போகிறவர்களுக்கு

நான் தரங்கம்பாடிக்கு முதல்முறை போனது ஒரு வெள்ளிக்கிழமை. ராத்திரி முழுக்கப் பேருந்தில் சரியான தூக்கமில்லாமல், தோளில் கேமரா பையோடு டேனிஷ் கோட்டை வாசலில் போய் நின்றால், பூட்டுத் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை. பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க தம்பி. நானூறு வருசமா அங்கதான் நிக்கிது, எங்கயும் போயிடாது" என்றார்.

ஆகவே முதல் படி: வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம் என்பேன். சுற்றுலா வேன்கள் வந்து நின்றுவிட்டால் கோட்டைக்கு முன்னால் ஆளில்லாத ஒரு படம்கூடக் கிடைக்காது. செவ்வாய் முதல் வியாழன் வரை நல்ல நாட்கள். பருவம் என்று பார்த்தால் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், வெயிலும் தாங்கும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். நனைவதற்குத் தயார் என்றால் மேகத்துக்காக அப்போதும் போகலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். படம் எடுப்பவருக்கு அதுவும் ஒரு வாய்ப்புதான், வெயிலை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போவது எளிது. மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பேருந்து இருக்கிறது. முதல் நாள் இரவே பக்கத்தில் எங்காவது தங்கிவிடுவது நல்லது. விடிவதற்கு முன்னால் கடற்கரையில் நிற்க வேண்டும், அந்த நேரத்துக்குப் பேருந்தை நம்ப முடியாது. மயிலாடுதுறையிலிருந்து முன்பு ரயிலும் ஓடியது. 1980களில் நின்றுபோய்விட்டது.

ஊரை மனதில் வரைந்துகொள்ளுங்கள்

மேற்கே நகர வாசல், கிழக்கே கடல், இரண்டையும் சேர்க்கிற நேர்த் தெரு ஒன்று. பழைய தரங்கம்பாடி இவ்வளவுதான். அந்தத் தெருதான் கிங் ஸ்ட்ரீட். நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும். தேவாலயங்களும் பழைய பங்களாக்களும் இந்தத் தெருவிலும் இதற்கு இணையாக ஓடுகிற தெருக்களிலும் இருக்கின்றன. தெரு முடிகிற இடத்தில் மைதானம் மாதிரி ஒரு வெட்டவெளி. கடலைப் பார்த்து நின்றால் வலது பக்கம் கோட்டை, இடது பக்கம் கொஞ்சம் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில்.

வெளிச்சம் காலையில் கடலிலிருந்து வருகிறது, மாலையில் நகர வாசல் பக்கமிருந்து வருகிறது. அதனால் கடலைப் பார்த்த சுவர்களைக் காலையிலும், ஊரைப் பார்த்த சுவர்களைச் சாயங்காலமும் எடுக்க வேண்டும். நடுப்பகலில் வீடுகளுக்குள் போய்விட வேண்டும். புதிதாகப் போகிறவர்கள் பலர் காலை பதினொரு மணிக்கு வந்திறங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுட்டுத் தள்ளிவிட்டு, "ஊர் நல்லாயிருக்கு, படம்தான் சரியா வரல" என்று திரும்புகிறார்கள். ஊரின் மேலும் கேமராவின் மேலும் தப்பில்லை, நேரம்தான் தப்பு.

தரங்கம்பாடி ஒரு காலத்தில் வணிகத் துறைமுகம் என்றதும் கப்பல் வந்து அணைகிற மேடையைத் தேடாதீர்கள். டேனிஷ்காரர்கள் காலத்தில்கூடக் கப்பல்கள் ஆழ்கடலில்தான் நங்கூரமிட்டு நிற்கும். அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை தூக்கிப் போட்டாலும் வளைந்து கொடுக்கும். 1620இல் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்கின் ஓவே யெட்டே இங்கே கோட்டை கட்டத் தொடங்கினார். டான்ஸ்போர்க் என்று பெயர். நாயக்கர் தங்க ஏட்டில் எழுதிக் கொடுத்த மடல் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845இல் டேனிஷ்காரர்கள் தங்கள் இந்தியக் குடியேற்றங்களை 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். வியாபாரம் நாகப்பட்டினத்துக்குப் போனது, தரங்கம்பாடி தூங்கிப்போனது. தூங்கிப்போனதால்தான் பழைய தெருக்கள் இடிபடாமல் தப்பின என்பது என் கணக்கு.

பையில் என்ன வைப்பது

முதல்முறை போகிறவருக்குக் கைப்பேசியே போதும். கேமரா இருந்தால் அதோடு வருகிற கிட் லென்ஸ், அதாவது 18–55 மி.மீ. மாதிரி ஒன்று, எல்லாவற்றுக்கும் போதுமானது. தெருக்கள் குறுகல், கட்டடங்கள் கிட்டத்தில் இருக்கின்றன, தூரத்தைக் கிட்டே இழுக்கிற பெரிய டெலி லென்ஸைத் தூக்கிக்கொண்டு அலைவதில் பயனில்லை. ட்ரைபாடுக்குப் பதிலாக நான் கொண்டுபோவது ஒரு பழைய துணிப்பையில் அரைக் கிலோ அரிசி. மதில்மேல் வைத்து அதன்மேல் கேமராவை அமுக்கினால் அசையாது. ட்ரைபாடை விரித்தால் அனுமதி இருக்கிறதா என்று யாராவது கேட்பார்கள். அரிசிப் பையை யாரும் கேட்கமாட்டார்கள்.

இரண்டு மைக்ரோஃபைபர் துணி கட்டாயம். கடற்காற்றில் உப்புத் தூறல் லென்ஸின் மேல் மெல்லிய படலமாகப் படியும். பார்த்தால் தெரியாது, படத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் பால் தெளித்த மாதிரி இருக்கும். ஏசி அறையில் தங்கினால் இன்னொரு தொல்லை உண்டு. குளிர்ந்த கேமராவை ஈரக்காற்றுக்குள் கொண்டுபோனதும் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். ஒருமுறை சூரியன் முழுசாக மேலே வரும் வரைக்கும் நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன். தூங்கப் போகும்போதே கேமரா பையை ஏசி படாத இடத்தில், வராந்தாவிலோ குளியலறையிலோ வைத்துவிடுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள், மணல் உள்ளே போனால் ஜூம் திருப்பும்போது நறநறவென்று சொல்லும். டிரோன் இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும். முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடுகிற இடமில்லை இது.

விடியலுக்கு அரைமணி நேரம் முன்பே

மே கடைசி, ஜூன் மாதங்களில் இங்கே சூரியன் ஆறு மணிக்குள் வந்துவிடும். ஜனவரியில் ஆறரை ஆகும். எதுவாக இருந்தாலும் அரைமணி நேரம் முன்பே கரையில் இருங்கள். வானம் நீலமும் சாம்பலுமாக இருக்கிற அந்த இருபது நிமிடம் உதயத்தைவிட அழகு. அரிசிப் பையை மதில்மேல் வைத்து, டைமரை இரண்டு நொடிக்கு வைத்து, ஒளியை உள்ளே விடுகிற ஷட்டரை அரை நொடி, ஒரு நொடி என்று திறந்து பாருங்கள். அலை புகை மாதிரி விழும். கைப்பேசியில் நைட் மோடு இதே வேலையைச் செய்யும், அசையாமல் வைத்தால் போதும்.

முதலில் கோயில் பக்கம் போங்கள். மாசிலாமணிநாதர் கோயில் 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்று வருகிறது. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது, மிச்சத்தைக் காப்பாற்றக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். முன்புறம் புதுசாகக் கட்டியதைப் படத்துக்குள் கொண்டுவராமல், பாறையும் அலையும் வருகிற மாதிரி தாழ உட்கார்ந்து எடுத்தால் கடலுக்கும் கோயிலுக்கும் நடந்த வழக்கு படத்தில் தெரியும். பாசி பிடித்த பாறையில் மட்டும் கால் வைக்காதீர்கள். ஒரு படத்துக்காக விழுந்து முட்டியை உடைத்துக்கொள்வது லாபமில்லாத வியாபாரம்.

சூரியன் எட்டிப் பார்த்ததும் எல்லோரும் கடலைப் பார்த்துத் திரும்புவார்கள். இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரையில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் நிறம் வெளுக்காமல் இருக்கும். அப்புறம் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுங்கள். கோட்டையின் கடற்புறச் சுவரும் மேல் தளமும் இளவெயிலில் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும். இந்த நிறம் அரைமணி, மிஞ்சினால் முக்கால் மணி நேரம்தான் இருக்கும், பிறகு சுவர் சப்பென்று ஆகிவிடும். ஓட வேண்டாம், ஆனால் டீ குடிக்கவும் போக வேண்டாம். முதலில் ஈர மணலையும் சேர்த்து முழுக் கோட்டை. அப்புறம் சுவரின் ஒரு மூலை. அப்புறம் பீரங்கி ஒன்றை முன்னால் வைத்துக் கோட்டை பின்னால். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் காலைக்கான கடன் தீர்ந்தது.

இங்கே ஓசோன் காற்று அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆழமாக மூச்சு இழுத்துக்கொள்ளுங்கள், படத்தில் அது வரப்போவதில்லை.

படகு வரும் நேரம்

வெயில் ஏறுவதற்குள் மீனவர் பக்கம் போகலாம். ஃபைபர் படகுகள் கரைக்கு வரும், வலையிலிருந்து மீனைப் பிரிப்பார்கள், ஏலம் நடக்கும். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அப்புறம், "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" வேண்டாம் என்றால் சரி என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். கெஞ்சவும் கூடாது, மறைந்து நின்று எடுக்கவும் கூடாது. விரித்துக் கிடக்கிற வலையின் மேல் செருப்புக் காலோடு நடப்பது அவர்கள் பிழைப்பை மிதிப்பது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரை பல உயிர்களைக் கொடுத்திருக்கிறது. ஆள் தெரியாதவரிடம் போய் "அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டு, சொல்லும்போது அவர் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

முகங்களை எடுக்கக் கூச்சமாக இருந்தால் கைகளை எடுங்கள். வலை பின்னுகிற கை, செதில் ஒட்டிய விரல், ஐஸ் உடைக்கிற கை. ஷட்டர் 1/500 நொடியைவிட மெதுவாகாமல் பார்த்துக்கொண்டால் அசைவு தெளிவாக நிற்கும்.

கோட்டைக்குள்

காலை உணவுக்குப் பிறகு, பத்து மணி வாக்கில் கோட்டை திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். நுழைவுச் சீட்டு வாங்கும்போதே கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கோட்டை தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் சரக்கு அறைகளும் சிறையும் இருந்தன, மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். மிளகும் துணியும் கீழே, அதிகாரம் மேலே!

உள்ளே ஒட்டக முதுகு மாதிரி வளைந்து இறங்குகிற கூரைகளைக் கவனியுங்கள். தூண் ஓரமாக நின்று மேல்நோக்கி எடுத்தால் வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்று மடிவது தெரியும். கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 800லிருந்து 1600 வரை போகலாம், ஃபிளாஷ் வேண்டாம். அது சுண்ணாம்புச் சுவரின் மேடு பள்ளத்தையெல்லாம் தட்டையாக்கிவிடும். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் பிரதிபலிப்பு விழாமல் இருக்க லென்ஸின் விளிம்பைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுங்கள். அதற்கும் அனுமதி இருக்கிறதா என்று காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உச்சி வெயிலில் வீடுகள்

பதினொன்று முதல் மூன்று வரை வெளியே வெளிச்சம் செங்குத்தாகக் கொட்டும். அதுதான் பழைய வீடுகளுக்கான நேரம்.

கோட்டை மைதானத்தின் எதிரே நிற்கிற வெள்ளைக் கட்டடம் டேனிஷ் ஆளுநரின் மாளிகை. 1784இல் கட்டியது. டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம் முன்நின்று இதைப் புதுப்பித்தார்கள். உள்ளே விடுகிறார்களா என்று அன்றைக்குக் கேட்டுப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் வெளியே நிற்கிற தூண் வரிசையே ஒரு மணி நேர வேலை தரும். வெள்ளைச் சுவரை எடுக்கும்போது கேமரா ஏமாந்துவிடும். இவ்வளவு வெளிச்சமா என்று நினைத்துச் சுவரைச் சாம்பல் நிறமாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 அல்லது +1 வைத்தால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். கைப்பேசி என்றால் சுவரைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியை மேலே தள்ளுங்கள்.

தூண்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்கிறதா? கேமராவை அண்ணாந்து பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். கேமராவை நேராகப் பிடித்துப் பின்னால் நகருங்கள். கீழே தரை அதிகமாக வந்தால் வரட்டும், வீட்டுக்குப் போய் வெட்டிக்கொள்ளலாம். கைப்பேசியின் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் நேர் பார்ப்பது சுலபம்.

அட்மிரல் ஸ்ட்ரீட்டில் சீகன்பால்க் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். 1706இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் அவர். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு வெளியிட்டார்கள். காகிதத்துக்காகப் பக்கத்தில் ஒரு பட்டறையே போட்டார்கள். பொறையார் பக்கம் கடுதாசிப்பட்டறை என்று அந்த இடத்தின் பெயர் இன்னும் நிற்கிறது. 1718இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயத்தில்தான் அவர் கல்லறை இருக்கிறது. வழிபாட்டு நேரமாக இருந்தால் கேமராவை மூடிவிட்டு உட்காருங்கள்.

எனக்குப் பிடித்தது இவை எதுவும் இல்லை, கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட். பெரிய மாளிகைகளைப் பார்த்த கண்ணுக்கு அந்தத் தெரு சின்னதாகத் தெரியும். திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம் என்று நம்மூர் வீடுகள் வரிசையாக. சுனாமிக்குப் பிறகு பழம்பெரும் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு இங்குள்ள வீடுகள் சிலவற்றைப் பழைய முறையிலேயே செப்பனிட்டது. நான் அங்கே ஒரு தூணின் அடிக்கல்லைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தபோது திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பாட்டி, "அதுல என்ன தம்பி இருக்கு?" என்று கேட்டார்.

"வேலைப்பாடு நல்லாயிருக்கு பாட்டி."

"அது கெடக்குது. உள்ள வந்து முத்தத்தப் பாருங்க."

உள்ளே முற்றத்தில் வெயில் ஒரு சதுரமாக விழுந்திருந்தது. அதன் விளிம்பில் பித்தளைக் குடம் ஒன்று, சுவரில் அதன் மஞ்சள் நிழலாட்டம். மற்றதெல்லாம் இருட்டு. நான் வெயில் விழுந்த தரைக்கு வெளிச்சத்தை அளந்து வைத்து, இருட்டை இருட்டாகவே விட்டுவிட்டேன். புதியவர்கள் செய்கிற தப்பு, இருட்டு மூலையும் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தை ஏற்றுவது. ஏற்றினால் முற்றம் வெள்ளைக் காகிதமாகிவிடும். இருட்டையும் வெளிச்சத்தையும் சமன் செய்கிற ஹெச்டிஆரையும் இந்த இடத்தில் அணைத்துவிடுங்கள்.

பாட்டியையும் ஒரு படம் எடுத்தேன். "போட்டோ குடுப்பீங்களா, செல்லுலயே வச்சிக்குவீங்களா?" என்றார். அடுத்த முறை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்களும் யாருக்காவது படம் தருவதாகச் சொன்னால், அன்றைக்கே தெருப் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கிற கதவெல்லாம் அழைப்பு என்று நினைக்காதீர்கள். கூப்பிட்டால்தான் உள்ளே.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊரில் கடைகள் குறைவு, மதியம் சீக்கிரமே தீர்ந்துவிடும். நல்ல மீன் குழம்பு வேண்டுமானால் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டோ பிடித்துப் பொறையாருக்குப் போய் வரலாம்.

சாயங்காலம் மேற்கு வாசலில்

நான்கு மணிக்கு மேல் கடற்கரையில் கூட்டம் சேரும். நீங்கள் எதிர்ப்பக்கம் நடங்கள். வழியில் கிங் ஸ்ட்ரீட்டின் சுவர்களில் சாய்வெயில் விழுந்து, காரை பெயர்ந்த இடங்களெல்லாம் நிழல் பிடித்து எழுந்து நிற்கும். காலையில் ஒன்றுமில்லாமல் தெரிந்த சுவர்தான் அது. 1701இல் கட்டிய சீயோன் தேவாலயமும் இந்தத் தெருவில்தான். நடந்துகொண்டே எடுங்கள். சைக்கிளில் யாராவது வருகிற வரைக்கும் ஒரு சுவருக்கு எதிரே காத்து நிற்பதும் நல்ல உத்திதான். பத்து நிமிடத்தில் யாராவது வந்துவிடுவார்கள்.

தெருவின் முடிவில் நகர வாசல். 1792இல் மறுபடி கட்டியது, டேனிஷ் அரசரின் முத்திரையெழுத்து நெற்றியில் இருக்கிறது. வெளிப்பக்கம் மேற்கைப் பார்த்திருப்பதால் கடைசி வெயில் முழுவதும் அதன்மேல்தான் விழும். வாசலுக்கு வெளியே, எதிர் ஓரமாக நின்று, வளைவுக்குள் தெரு நீள்கிற மாதிரி படத்தை அமைத்துக்கொள்ளுங்கள். வண்டி வருகிற சாலை, நடுவில் நின்று எடுக்காதீர்கள். வெயில் இறங்கினதும் உள்பக்கம் வந்து வளைவின் வழியாக மேற்கு வானத்தை எடுங்கள். வாசல் கறுப்பு உருவமாகவும் வானம் ஆரஞ்சாகவும் நிற்கும். இதற்கு எக்ஸ்போஷர் −1.

அப்புறம் கிளம்ப வேண்டியதுதான். அறைக்குப் போனதும் படங்களைப் பார்க்க உட்காராமல் முதலில் சுத்தம் செய்யுங்கள். துணியை நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து கேமரா உடலை ஒருமுறை, உலர்ந்த துணியால் மறுமுறை. லென்ஸை ஊதிவிட்டுத்தான் துடைக்க வேண்டும், ஊதாமல் தேய்த்தால் மணல் கீறிவிடும். செருப்பையும் பையின் அடியையும் வெளியிலேயே தட்டிவிடுங்கள். அரிசிப் பையைப் பிரித்துப் பார்த்து ஈரம் ஏறியிருந்தால் மறுநாள் வெயிலில் உலர்த்திக்கொள்ளலாம். சமைக்க மட்டும் எடுத்துவிடாதீர்கள், எங்கள் வீட்டில் ஒருமுறை பொங்கல் முழுக்க மணல்.